கரையோர சைக்கிள் பாதை வேலை முடிஞ்சது: கமிட்டி அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிஞ்சிருச்சு. ரோலர் திரும்பிப் போன அன்னிக்கே இத எழுதியிருக்கணும், ஆனா ரெண்டு நல்ல மழை பெய்யட்டும், பாதை எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு எழுதலாம்னு கமிட்டில பாதி பேர் சொன்னாங்க, அதுவும் நியாயம்தான்னு பட்டுச்சு. மழையும் பெஞ்சாச்சு. ஒரே ஒரு எடத்த தவிர பாதை நின்னுருச்சு, அந்த எடத்த பத்தி கீழ சொல்றோம், அதுல தப்பு நம்மளோடது.

புதுசா சேந்தவங்களுக்காக: கால்வாய் கரைல ஆரம்பிச்சு, வயலுக்கு நடுவுல போயி, ஏரிய சுத்தி திரும்ப கால்வாய்க்கே வர்ற பாதை. கார் பைக் எதுவும் கிடையாது. அகலம் 3 மீட்டர், ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல பேசிட்டே ஓட்டலாம், எதிர்ல ஆள் வந்தா ஒருத்தர் பின்னாடி போனா போதும். மரம் நெருக்கமா இருக்கற எடத்துல மட்டும் 2 மீட்டர், ஏன்னா மரத்த வெட்ட மாட்டோம்னு முதல் கூட்டத்துலயே எழுதி வச்சது.

கணக்கு காப்பி எல்லாருக்கும் தனியா அனுப்பியாச்சு. அத பாத்துட்டு "இவ்ளோ காசுக்கு மேல கொஞ்சம் ஜல்லிதானே தெரியுது"ன்னு மூணு பேரு கேட்டாங்க. உண்மைதான், காசுல பெரும்பகுதி கண்ணுக்கு தெரியாத எடத்துலதான் போச்சு, அடி அடுக்குலயும் தண்ணி வடியற வேலையிலயும். அதனால அதையே கொஞ்சம் விரிவா சொல்லிடறோம்.

முதல்ல நாம பண்ண தப்பு. ஆரம்ப அரை கிலோமீட்டருக்கு ஆத்து சரளை போட்டோம், உருண்டையா, பாக்க அழகா இருந்துச்சு, விலையும் கம்மி. நல்ல கல்லுன்னு சப்ளையர் சத்தியம் பண்ணாரு, நாமளும் நம்பிட்டோம். ரோலர் எத்தன தடவ போனாலும் அது இறுகவே இல்ல, உருண்டை கல்லு ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது, சைக்கிள் ஏறினா கோலிகுண்டு மேல ஓட்டற மாதிரி முன் சக்கரம் வழுக்கிட்டு போகுது. மொத்தத்தையும் அள்ளி எடுத்துட்டு கிரஷர்ல உடைச்ச கல்லு போட்டோம். உடைச்ச கல்லுல மூலை இருக்கு, அந்த மூலைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும், நடுவுல இருக்கற சந்த தூள் அடைச்சிரும். இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல, 1816ல பிரிஸ்டல் பக்கத்து ரோடுகளுக்கு பொறுப்பு எடுத்த ஜான் மெக்காடம் இதையேதான் சொன்னாரு, மெக்கடம் ரோடுன்னு பேரே அவரால வந்ததுதான். அவரு சொன்ன இன்னொண்ணு அதவிட முக்கியம், பாரத்த தாங்கறது மேல இருக்கற கல்லு இல்ல, அடில இருக்கற மண்ணு, அந்த மண்ணு காஞ்சு இருக்கற வரைக்கும் ரோடு இறங்காது. இருநூறு வருஷம் முன்னாடி எழுதி வச்சத நாம அரை கிலோமீட்டர் வீணாக்கி கத்துக்கிட்டோம்.

அப்புறம் பண்ணது இதான்: மேல்மண்ண வழிச்சு எடுத்து, சகதி மேல ஏறி வராம இருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சு, அதுக்கு மேல 40 மி.மீ.க்கு உட்பட்ட கலப்பு ஜல்லி 150 மி.மீ. கனத்துக்கு, கடைசியா 6 மி.மீ. சிப்ஸும் (பொடி ஜல்லி) கிரஷர் டஸ்டும் (கல்லு உடைக்கும்போது வர்ற தூள்) கலந்தது 50 மி.மீ. கனத்துக்கு. இந்த மேல் அடுக்குக்கு ஈரம் ரொம்ப முக்கியம், கையில பிடிச்சு அமுக்கினா உருண்டை நிக்கணும், ஆனா விரல் சந்துல தண்ணி ஒழுகக் கூடாது. காஞ்சு போய் ரோலர் ஓட்டினா தூசிதான் மிச்சம். பழைய மதகு பக்கம் மட்டும் ரோலரோட வைப்ரேஷன ஆஃப் பண்ணிட்டு ஓட்டினோம், கட்டுமானம் பழசு, அதிர்வு தாங்குமோ தாங்காதோன்னு பயம்.

இப்ப தண்ணி. கமிட்டில அதிக நேரம் சண்ட போட்டது இதுக்குத்தான். பாதைய எந்தப் பக்கம் சாய்க்கறது? கால்வாய் பக்கம் சாய்ச்சா வேல சுலபம், மழத்தண்ணி நேரா கால்வாய்ல விழுந்துரும், ஓடையும் வேணாம் குழாயும் வேணாம். ஆனா தூள் மொத்தமும் கால்வாய்க்கு போயிரும், கரை அரிக்கும், போதாக்குறைக்கு சைக்கிளும் தண்ணி பக்கமே இழுக்கும், குழந்தைங்க ஓட்டற பாதைல அது வேணவே வேணாம். கடைசில நிலத்து பக்கம்தான் சாய்ச்சோம், 40க்கு 1, அதாவது 3 மீட்டர் அகலத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் இறக்கம், ஓட்டும்போது தெரியவே தெரியாது, தண்ணிக்கு மட்டும் தெரியும். அந்தப் பக்கம் ஓடை வெட்டி, தாழ்வான எடத்துல எல்லாம் பாதைக்கு அடில குழாய் போட்டு தண்ணிய கடத்தி விட்டாச்சு.

மதகுல இருந்து கரை மேல ஏறற சரிவுல மட்டும் ஜல்லி கிடையாது, கான்கிரீட். அவ்ளோ சரிவுல ஜல்லி நிக்காது, ஒவ்வொரு மழைக்கும் கீழ வந்துரும். "கிராவல் பாதைன்னு சொல்லிட்டு கான்கிரீட்டா"ன்னு கேட்டவங்க ஒரு தடவ மழைல அந்த சரிவுல நின்னு பாத்தா புரியும்.

தாருக்கு ஏன் போகலன்னும் கேள்வி வந்துச்சு. மர வேர் தார தூக்கினா மெஷின் வரணும், ஜல்லிய தூக்கினா ஒரு மண்வெட்டியும் ரெண்டு கூடையும் போதும். ஆனா தாரவிட ஜல்லிக்கு கவனிப்பு அதிகம்ங்கறத மறைக்கல. அமெரிக்காவுல பழைய ரயில் தடத்து மேல மிசௌரி ஆத்தோரமா போற கேட்டி டிரெயில் 380 கிலோமீட்டருக்கு மேல நசுக்கின சுண்ணாம்புக்கல் பாதை, 1993 வெள்ளத்துல அதோட நிறைய தூரம் நாசமாச்சு, திரும்ப அதே கல்ல போட்டுத்தான் எடுத்தாங்க, இன்னிக்கும் ஜனங்க ஓட்டிட்டுதான் இருக்காங்க. தண்ணியோரம் பாதை போட்டா தண்ணி ஒரு நாள் வரத்தான் செய்யும், சரி பண்ணக்கூடிய பொருளா இருக்கணும், அதான் எங்க வாதம்.

ஏரிப்பக்கம் வேல லேட்டானதுக்கு காரணம் பறவைங்க. நாணல்ல கூடு கட்டற சீசன் முடியற வரைக்கும் மெஷின் எறக்கல. திட்டினவங்க திட்டினாங்க, பரவால்ல.

கேட் விஷயம் இன்னும் எல்லாருக்கும் திருப்தி இல்ல. பைக் நுழையாத மாதிரி குறுகலான கேட் வைக்கணும்னு நிறைய பேர் கேட்டாங்க. ஆனா பைக்க தடுக்கற கேட் கையால ஓட்டற சைக்கிளையும், மூணு சக்கர சைக்கிளையும், பின்னாடி குழந்தை டிரெயிலர் மாட்டினதையும் சேத்தே தடுக்கும், பைக்காரன் எப்படியாவது சாய்ச்சு நுழைஞ்சிருவான், சக்கர நாற்காலில வர்றவங்கதான் வெளிய நிப்பாங்க. அதனால ஒன்றரை மீட்டர் இடைவெளில கம்பம் மட்டும்தான். ஒண்ணு ரெண்டு பைக் வருது, தெரியும். நின்னு பேசி திருப்பி அனுப்பறோம்.

தண்ணி பக்கம் முழுக்க தடுப்பு கம்பி போடல, பாதைக்கும் விளிம்புக்கும் நடுவுல புல் ஓரம் விட்டிருக்கோம். மதகு மேல மட்டும் 1.4 மீட்டர் உயரத்துக்கு கம்பி, சைக்கிள் மேல உக்காந்திருக்கறவருக்கு இடுப்பு உயர கம்பி பத்தாது, மேலயே கவுந்துருவாங்க.

சரி, அந்த ஒரு எடம். வயல் முடிஞ்சு ஏரிக்கரை ஏறறதுக்கு முன்னாடி, ரெண்டாவது மழைல பாதை குறுக்க அரை முழம் ஆழத்துக்கு வாய்க்கா வெட்டிருச்சு. டிசைன் தப்போ ஜல்லி தப்போன்னு ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டோம். கடைசில குழாய்க்குள்ள கை விட்டு பாத்தா முழுக்க புல்லு. முந்தின ஞாயித்துக்கிழம ஓரம் வெட்ட வந்த நம்ம ஆளுங்க வெட்டின புல்ல அள்ளி ஓடையிலயே போட்டுட்டு போயிருக்காங்க. யாருன்னு கேக்க வேணாம், கமிட்டி ஆளுங்களும் அதுல உண்டு. அந்த எடத்த ரொப்பி அமுக்கியாச்சு, குழாய் வாய்க்கு சல்லடை கம்பியும் போட்டாச்சு.

ஓட்டறவங்களுக்கு: 38ல இருந்து 45 மி.மீ. டயர் இருந்தா சுகமா போகும், காத்து கொஞ்சம் கம்மியா வைங்க. ஒல்லி டயர்லயும் போகலாம், கை கொஞ்சம் உதறும். பெரிய மழைக்கு அடுத்த நாள் ஒரு நாள் விட்டுட்டு வாங்க, மேல் அடுக்கு ஊறி இருக்கும்போது டயர் பள்ளம் விழுந்தா அது காஞ்சு அப்படியே நின்னுரும். பின் பிரேக்க பிடிச்சு சறுக்கி விளையாடறவங்க தயவுசெஞ்சு வேற எடம் பாருங்க. நடந்து போறவங்கள தாண்டறதுக்கு முன்னாடியே பெல் அடிங்க, பக்கத்துல வந்து அடிச்சா பயந்து குறுக்க வந்துருவாங்க.

மிச்சம் ஆன ஜல்லியும் டஸ்டும் மதகுக்கு பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கு, அது பள்ளம் ரொப்பறதுக்கு, வீட்டு வாசலுக்கு இல்ல. இனிமே மாசத்துல முதல் ஞாயிறு காலைல ஓடையும் குழாயும் பாக்கறோம், வர்றவங்க மண்வெட்டியும் ஒரு சாக்கும் கொண்டாங்க, சாக்கு புல்ல அள்ளறதுக்கு.