சோமசெற்றின் எஞ்சினைக் கழற்றாதே மச்சான்

அன்பின் மச்சான்,

உன்னுடைய நீண்ட மெயிலை ஆறுதலாக இருந்து வாசித்தேன். வீட்டில் எல்லாரும் சுகம் என்றதும், மூத்தவனுக்குக் கொழும்பில் வேலை சரிவந்ததும் பெரிய சந்தோசம். மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அப்பாவின் பழைய ஒஸ்ரின் கார், ஏ-40 சோமசெற்றின் எஞ்சினைக் கழற்றிப்போட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றப்போகிறேன் என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். இங்கத்தைய புதினமும் இடையில் வரும், நீ பொறுமையாக வாசி.

கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் இப்போது நல்ல குளிர். கராஜ் என்று ஒன்று வீட்டோடு இருக்கிறதுதான், ஆனால் அதற்குள் கார் விட இடமில்லை. அரிசி மூட்டை, ஃபிறீசர், மகளின் சின்ன வயதுச் சைக்கிள், கோடைக்காலத்து ரயர்கள் எல்லாம் அங்கேதான். கார் வெளியில் நிற்கிறது. இரவில் பனி கொட்டினால் விடிய எழும்பியதும் சவளோடு இறங்க வேண்டும். வாசலை வழித்து முடித்து நிமிரும்போது வீதி வழிக்கிற வண்டி வந்து, நடு வீதியில் கிடந்த பனியை எல்லாம் எங்கள் வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது மற்றப் பனி மாதிரி இல்லை, கல்லாக இறுகியிருக்கும், அதை வெட்டி எடுப்பதுதான் நாரி முறிகிற வேலை.

மனிசிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவள் போய்த்தான் முந்திய ஆளை வீட்டுக்கு விடுவார்கள், அதனால் இரவு ஒன்பதரைக்குக் கார் ஸ்ரார்ட் ஆகியே தீர வேண்டும். குளிர்காலத்தில் நான் செய்கிற வேலை முழுக்க அந்த ஒன்பதரையைச் சுற்றித்தான். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிவிட்டது, படி இறங்குவது குறைவு. நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. உன் மெயில் வந்திருக்கிறது என்றதும் முதல் கேள்வி, "அந்தக் கார் இப்பவும் ஓடுதோ?" 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்ட உன் அப்பா அவவை முன் சீற்றில் ஏற்றியதை இன்றைக்கும் சொல்லுவா. எஞ்சின் மாற்றுகிற கதையை நான் அவவிடம் சொல்லவில்லை.

சரி, எங்கள் ரொயோற்றா கொறோலாக் காரின் கதை. 2008ஆம் ஆண்டு மொடல், இங்கே கேம்பிரிட்ஜ் நகரத் தொழிற்சாலையில் செய்தது. அங்கே 1988இலிருந்து 2019 வரை கொறோலா செய்தார்கள். எஞ்சின் இன்னும் தங்கம். காரைத் தின்பது வீதிக்குப் போடுகிற உப்புத்தான். பனியை உருக்க உப்புக் கொட்டுவார்கள், அது கரைந்து உப்புத்தண்ணீராகிக் காரின் அடிப்பக்கம் முழுக்கத் தெறிக்கும், பிறகு நாவாந்துறைக் கடற்கரை வீட்டுக் கதவுக் கொளுக்கி மாதிரி எல்லாம் கறள் பிடித்துப்போகும். மழைக்காலத்துக்கு முன் நாங்கள் ஓலை மாற்றினது போல என்று வைத்துக்கொள்ளாதே, இது வருசா வருசம் தீராத சண்டை. ஒக்ரோபரில் அடித்தட்டுக்கு எண்ணெய் தெளிப்பித்தால் ஓரளவு தாங்கும்.

போன மாதம் மகள் ஓடும்போது முன் வலது சக்கரத்தில் உரசுகிற சத்தம். அவள் ஜீ-1 என்கிற பழகுநர் லைசன்ஸ் எடுத்துவிட்டாள், நான் பக்கத்தில் இருந்தால் ஓடலாம். சத்தத்தை முதலில் பிடித்ததும் அவள்தான், "அப்பா, பிறேக் அழுத்தும்போது மட்டும் வருகுது" என்றாள். சனிக்கிழமை கொஞ்சம் வெயில் அடித்தது. நிலத்தில் கார்ட்போட் மட்டை விரித்து, ஜக்கில் உயர்த்தி ஸ்ராண்டில் இறக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். பிறேக்கில் உரசி நிறுத்துகிற கட்டைதான் பாட், உள்பக்கத்துப் பாட் தேய்ந்து வெறும் இரும்பு, வெளிப்பக்கத்துப் பாட்டில் பாதிக்கு மேல் மிச்சம். காரணம் உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் ஏ-40க்கு டிறம் பிறேக் என்பதால் மட்டும் சொல்கிறேன். பிஸ்ரன் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, அது உள்பாட்டைத் தள்ளும்போது பாட்டுகளைப் பிடித்திருக்கிற கலிப்பர் முழுவதும் இரண்டு இரும்புப் பின்களில் வழுக்கி வந்து வெளிப்பாட்டை அழுத்த வேண்டும். அந்தப் பின் கறளில் இறுகிவிட்டால் உள்பாட் தனியே நின்று உழைத்துச் சாகும்.

பின்னை எண்ணெய் விட்டு முறுக்கி முறுக்கி எடுத்தாயிற்று. பாட் உரசுகிற இரும்புத் தட்டு, அந்த றோற்றர்தான் அசையவில்லை, சக்கரம் பூட்டுகிற ஹப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. சுத்தியலைத் தூக்கின மகளை மறித்துவிட்டு, றோற்றரின் முகத்தில் மரை வெட்டின இரண்டு சின்னத் துளை இருப்பதைக் காட்டினேன். கறளைச் சுரண்டி எடுத்தால்தான் கண்ணில் படும். அதற்குள் எட்டு மில்லிமீற்றர் போல்ற் இரண்டை விட்டு, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்கினாள். கையுறை போட்டால் போல்ற் பிடிபடாது, கழற்றினால் இரும்பு விரலைச் சுடுகிற மாதிரிக் குளிரும். மூன்றாம் நாலாம் சுற்றில் "டக்" என்று ஒரு சத்தம், முழு றோற்றரும் அவள் கைக்கு வந்துவிட்டது. மச்சான், அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் மினுக்கினது, அந்தப் பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் பூசினது, கடைசியில் நட்டுகளை 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினது எல்லாம் அவள்தான். சாதாரணக் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போகும் என்பதையும் தானே தேடி வாசித்துவிட்டு வந்திருந்தாள்.

வின்ரர் ரயர் பற்றிக் கேட்டிருந்தாய். ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைந்துவிடும், வின்ரர் ரயரின் ரப்பர் குளிரிலும் மெதுவாக இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். எங்கள் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்சில் கழிவு தருவார்கள். நான் கழிவு இல்லாவிட்டாலும் போடுவேன்.

குளிரில் ஸ்ரார்ட் ஆகாததற்கு எல்லாரும் பற்றரியைத்தான் சொல்வார்கள். அது பாதி உண்மை. குளிரக் குளிரப் பற்றரியின் வலு குறைகிறது, அதே நேரம் எஞ்சின் எண்ணெய் தடித்துச் சுற்றுவதும் பாரமாகிறது. சார்ஜ் இறங்கின பற்றரி சைபருக்குக் கீழே ஏழெட்டிலேயே உள்ளுக்குள் உறைந்துவிடும், உறைந்ததற்கு வேறு காரிலிருந்து வயர் கொழுவினால் வெடிக்கவும் கூடும். வின்னிப்பெக் பக்கம் கார் நிறுத்துகிற இடத்திலேயே மின்சாரப் பிளக் வைத்திருப்பார்கள், இரவில் எஞ்சினுக்குச் சூடு கொடுக்க. மற்றப் பாதி பெற்றோல். பெற்றோல் தண்ணியாக நின்றால் எரியாது, ஆவியாக வேண்டும், குளிரில் அது ஆவியாக மறுக்கும். அதற்காகவே இங்கே குளிர்காலத்தில் கெதியாக ஆவியாகிற கலவையை விற்கிறார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன் அப்பாதான் கண்ணில் வருவார். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, பெற்றோல் தடையாகி, போத்தல் கணக்கில் நெருப்பு விலைக்கு விற்ற காலத்தில் அவர் செய்தது இதே பாடம்தானே. மண்ணெண்ணெய் எங்கள் வெக்கையிலும் ஆவியாகாது, எஞ்சின் சூடானால்தான் சரிவரும். சின்னப் போத்தலில் இருந்து குழாய் வழியே கொஞ்சப் பெற்றோலை, எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபிரேற்றருக்கு விட்டு, ஹாண்டில் அடித்து ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். நிறுத்துவதற்குச் சற்று முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றுவார், அடுத்த ஸ்ரார்ட்டுக்குக் காபிரேற்றரில் பெற்றோல் நிற்க வேண்டும் என்று. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும் என்று தெரிந்துதான் அடிக்கடி அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்து மணந்து பார்ப்பார், தீப்பொறிப் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவார். எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என்னுடைய கொறோலாவுக்கு அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று, மண்ணெண்ணெய் விட்டால் நேரம் தப்பி வெடித்துத் தட்டியே செத்துப்போகும். சோமசெற்றின் எஞ்சின் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிற பழைய எஞ்சின், அதனால்தான் தாங்கியது. 1952க்கும் 54க்கும் இடையில் செய்த 1200 சீசீ எஞ்சின் அத்தனையும் தாங்கி இன்றைக்கும் உன் முற்றத்தில் ஓடுகிறது. அதையா கழற்றப்போகிறாய்?

உன் பக்கத்து நியாயம் விளங்குகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்து, கியூஆர் குறியீடு காட்டி அளந்து வாங்கினவனுக்கு டீசல் ஆசை வரத்தான் செய்யும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள், இடையில் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது, வேறு கார் வாங்குவதும் லேசில்லை. ஆனால் நீ இப்போது ஓடுவது கலியாண வீட்டு ஹயர். பொம்பிளை மாப்பிள்ளை ஏறுகிற காரில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துச் சத்தம் வந்தால் ஆர் கேட்கப்போகிறார்கள்? டீசல் எஞ்சின் பாரம், முன்பக்கம் அமரும். கியர்பெட்டியும் மாற வேண்டும், அப்போது ஸ்ரியரிங்கில் இருக்கிற கியர் கம்பியும் போய்விடும், நிலத்தட்டை வெட்ட வேண்டி வரும். அந்த டிறம் பிறேக்குகள் 42 குதிரைவலுவை நிறுத்தச் செய்தவை. வெட்டின பிறகு பழையபடி ஆக்க ஏலாது மச்சான், அதுதான் எனக்குப் பயம்.

நீ சொல்கிற வருத்தம் மூன்று: சூடேறுகிறது, புகைக்கிறது, ஸ்ரார்ட் பிந்துகிறது. முதலாவதற்கு நான் சந்தேகிப்பது உங்கள் கிணற்றுத் தண்ணீரை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரை எத்தனை வருசமாக றேடியேற்றருக்குள் விட்டிருக்கிறீர்கள்? கேத்திலில் படிகிறதே, அது எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கும். றேடியேற்றரையும் புளொக்கையும் தலைகீழாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, இனிமேல் வடித்த தண்ணீரோ மழைத்தண்ணீரோ விடு, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து. இங்கே நாங்கள் உறையாமல் இருக்க விடுகிறோம், சரிபாதி கலந்தால் சைபருக்குக் கீழே 37 வரை உறையாது. உனக்கு உறைகிற பயம் இல்லை, ஆனால் அதில் கறள் பிடிக்காத மருந்தும் இருக்கிறது, உனக்கு வேண்டியது அது.

புகைக்கு முதலில் கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், அளந்து பார். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ராற்றரைச் சுற்றவிட்டு ஒவ்வொன்றாக அள. எது குறைவோ அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அள. எண் கூடினால் பிஸ்ரன் றிங்கும் சிலிண்டரும் தேய்வு, கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெற். வால்வு என்றால் ஊரிலேயே இரண்டு நாள் வேலை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதை உள்ளுக்குள் கடைந்து பெருப்பித்துப் பெரிய அளவு பிஸ்ரன் போடலாம், இங்கிலாந்தில் ஒஸ்ரின் கார்களுக்கென்றே கழகங்கள் இருக்கின்றன, அவர்கள் வழியாகச் சாமான் தேடலாம். மொறிஸ் மைனர் என்ற பழைய காருக்கான தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆகவே நம்மூரில் கைத்திறன் இல்லை என்று சொல்லாதே. ஸ்ரார்ட் பிந்துவதற்கு, பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கிற பொயின்ரையும் கண்டென்சரையும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கதை.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வர நினைத்திருக்கிறோம், அம்மாவின் முழங்கால் விட்டால் அவவும் வருவா. நான் பெட்டியில் காஸ்கெற்றும் பிறேக் சிலிண்டர் ரப்பர்களும் கொண்டுவரலாம், அதற்கு அளவு வேண்டும். சக்கரத்துப் பிறேக் சிலிண்டரின் முதுகில் வார்த்திருக்கிற எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பு, கசிவு இருந்தால் எந்தச் சக்கரத்தில் என்றும் எழுது. கொம்பிறெசன் எண்கள் நாலும் வருமட்டும் அந்த மெக்கானிக்குக்கு அச்சாரம் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாய் என்றால் உடனே எனக்குக் கோல் எடு, எந்த நேரம் என்றாலும் பரவாயில்லை.

உன் கூட்டாளி