யார் சம்பளத்தில் கழிப்பது?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட என் மாமியார், இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார்.

அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் உறவினர்கள் கூடிப் பேசினார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்தினால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்ட பெரிய நாத்தனார், "உன் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும், பேசாமல் நீயே வேலையை விட்டுவிடேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவை மருமகளின் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்க வேண்டும், பெற்ற பிள்ளையின் சம்பளத்தில் ஏன் கழிக்கக் கூடாது என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கேட்ட பிறகுதான் என் கணவர் தலை நிமிர்ந்தார்.

2024ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி தீர்ந்துவிட்டதா, பிசியோதெரபிஸ்ட் வந்தாரா என்று மனம் அலைவது எந்த நிமிடத்தில் சேரும் என்று தெரியவில்லை. மத்திய அரசு ஊழியரான எனக்குப் பிள்ளைகளைக் கவனிக்க 730 நாள் விடுப்பு உண்டு. முதியவரைக் கவனிக்க அப்படித் தனி விடுப்பு கிடையாது, ஈட்டிய விடுப்பைத்தான் கரைக்க வேண்டும். டெல்லியில் விபத்தில் இறந்த தம்பதியர் பற்றிய வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டுமென 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. செத்த பிறகாவது கணக்கு வருகிறதே!

இப்போது தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் ஒரு பெண் வருகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அவள் அம்மா பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாளுக்குக் கூலி தருவார் யாருமில்லை. இவளுக்குரிய சம்பளத்தை என் கணவர் தருகிறார், இரவு ஊசியையும் அவரே போடுகிறார். அதற்காகப் பக்கத்து வீட்டம்மாள் அவரை வாய் ஓயாமல் புகழ்கிறார். எனக்குச் சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

உன் அப்பாவை நீயும் தம்பியும் மாதம் மாற்றி மாதம் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார்? தம்பியின் முறை வரும் மாதத்தில் உண்மையில் பார்த்துக்கொள்வது அவனா, அவன் மனைவியா என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தி