அசையாத தட்டு

குடியாத்தம்

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்கு டிஷ் மாட்டப் போனேன். சிக்னல் பிடித்துத் தட்டின் நட்டை இறுக்கும்போது அந்த வீட்டுப் பெண், ஏழாவது படிக்கிறாள், "சாட்டிலைட் சுத்திக்கிட்டே இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. தட்டை அசையாம இறுக்கிட்டா எப்படி மாமா பிடிக்கும்?" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்ம கெங்கையம்மன் சிரசு திருவிழா ராட்டினம்தான் ஞாபகம் வந்தது. அவளிடம், "ஒரே கம்பியில் உள்பக்கம் நீ, வெளிப்பக்கம் உன் தம்பி. ரெண்டு பேரும் சுற்றினாலும் அவன் உன் பக்கத்திலேயேதான் இருப்பான்" என்றேன். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட், பூமி ஒரு தடவை சுழல்வதற்குள் தானும் ஒரு சுற்று முடிக்கிறது. அந்த உயரத்தில்தான் இது வாய்க்கும். கீழே வர வர வேகம் கூடிவிடும்.

இப்போது இன்டர்நெட்டுக்காகச் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சாட்டிலைட் விடுகிறார்களே, ஏறக்குறைய நம்மூரிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம், அவை ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றிவிடும். தலைக்கு மேல் சில நிமிஷம்தான். ஒன்று மறைவதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ள ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது. டவர் எட்டாத மலைக்கு அது நல்லதுதான். ஆனால் திரும்பும் வழியில் காவலூர் வானாய்வகத்தைத் தாண்டும்போது மனசு கேட்கவில்லை. 1986 முதல் அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி மாதிரியானவை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும் படத்தில், இவை வெயில் பட்டு மின்னிக் கோடு கிழித்துவிடும். அந்த வானத்தை நாம் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. உங்க அண்ணன் துபாயிலிருந்து பேசும்போது, "ஏன்டா யோசிச்சு யோசிச்சுப் பேசறான், என்னமோ மறைக்கிறான்" என்று அம்மா அழுவார்களே! அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பேச்சு நிறைய, நான் முதலில் சொன்ன அந்த உயரத்துச் சாட்டிலைட் வழியாகத்தான் வந்தது. குரல் மேலே போய் இறங்க 72,000 கிலோமீட்டர், கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. அண்ணன் எதையும் மறைக்கவில்லை, சேகர். அம்மா இருக்கும்போதே இதைச் சொல்ல எனக்குத் தெரியாமல் போனது. அண்ணனிடமாவது சொல்.

உன்
பழனி