ஷட்டில் விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக டெய்லர் குரூப்களில் சுற்றும் அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். நம்மிடம் சர்வீஸ் செய்த தையல் மிஷின் இருபதே நாளில் மறுபடி இறுகிவிட்டது என்கிறார் அதில் பேசும் அக்கா. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊசிக்கு அடியில் நூலைப் பிடித்துத் தையல் போடும் பாகமான ஷட்டிலில், ஒரிஜினலைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டோமாம். அந்த ஒரு வார்த்தைதான் தூங்கவிடவில்லை.

22 வருஷமாகக் கடை நடத்துகிறேன். மாற்றிய பழைய பாகத்தைச் சின்னக் கவரில் போட்டு, பில்லோடு பின் அடித்துக் கொடுப்பது நம் வழக்கம். உங்கள் மிஷின் டிராயரில் அப்படி இரண்டு கவராவது கிடக்கும், பாருங்கள். தேய்ந்த ஷட்டிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பழைய இரும்புக்குப் போட்டால் ஒரு டீக்குக்கூடத் தேறாது. அந்த அக்காவின் ஷட்டில் முனை மழுங்கி, நூலைப் பிடிக்காமல் தையல் விட்டு விட்டு விழுந்தது, மாற்றினோம். அன்றைக்குக் கவரைக் கொடுக்கப் புதுப் பையன் மறந்துவிட்டான். மாற்றும் முன் போன் போட்டுக் கேட்கவும் இல்லை. இந்த இரண்டும் எங்கள் தப்பு.

சரி, ஏன் மறுபடி இறுகியது? அவர் எதிரிலேயே ஊசிக்குக் கீழே இருக்கும் பிளேட்டைத் திறந்தேன். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் மினுமினுவென்று அல்வா மாதிரி ஒரு கட்டி. கொலுவுக்குக் கிளிட்டர் ரெக்சினில் தாம்பூலப் பை தைத்திருக்கிறார். உதிர்ந்த ஜிகினா, டபுள் டேப் பசை, போதாததற்குத் தேங்காய் எண்ணெய். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்தான்! மிஷினில் அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து சணல் பை தைப்பவர்கள் நம்மிடம் நிறைய. சணல் தூசி பருத்திப் பிசிறைவிட மோசம். நாலைந்து பை தைத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேட்டையும் அடிநூல் இருக்கும் பாபின் கேஸையும் கழற்றிப் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். தூசியும் இன்னும் உள்ளேதான் போகும். துடைத்த பிறகு ஷட்டில் ஓடும் இடத்தில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளைத் துணியில் கறை விழும். ரெக்சின் என்றால் அடியில் மெல்லிய தாள் வைத்துத் தையுங்கள், பிறகு கிழித்துவிடலாம். ஊசியில் பசை ஏறினால், ஊசியைக் கழற்றி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் மிஷினின் பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் அது இளகிப்போகும். கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

ஆடியோ வந்த மறுநாளே “அண்ணே, நாங்க இருக்கோம்” என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவர்களை மறக்க மாட்டேன். கொரோனா நேரத்தில் மாஸ்க் தைத்த காசில் பழைய பாக்கியைத் தேடி வந்து கொடுத்தவர்களும் நீங்கள்தான். ரொம்ப நன்றி.

அப்புறம், பெரிய மெக்கானிக் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் வீட்டுக்கு வந்து மிஷின் எடுப்பது இப்போதைக்கு இல்லை. 350 ரூபாயாக இருந்த சர்வீஸ் கட்டணம் இந்த மாதத்திலிருந்து 450.

அந்த அக்காவின் பழைய ஷட்டில், பெயர் எழுதிய கவரில், கல்லா மேலேயே இருக்கிறது. அவர் வரும்வரை அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்