முட்டையைப் புரட்டாதே, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ போனில் அழுத நாளிலிருந்து, நீ வளர்க்கிற லெப்பட் கெக்கோ பல்லி இட்ட அந்த இரண்டு முட்டையும் என் மனதை விட்டுப் போகவில்லை. பூஞ்சணம் பிடித்ததற்கு நீ உன்னையே நொந்துகொள்கிறாய். பிழை என்னுடையது. "கோழி செய்யிற மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு தரம் புரட்டி வை" என்று சொன்னது நான்தானே.

அம்மம்மா கடகத்துக்குள் மணல் போட்டு, முட்டைகளுக்கு நடுவில் ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் வைத்துத்தான் அடை வைப்பா. கோழி சொண்டால் முட்டையை உருட்டி உருட்டி விடும், 21ஆம் நாள் குஞ்சு. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு எல்லா முட்டையும் ஒன்றென்ற நினைப்பு. நம்முடைய ஒழுங்கையில் இருக்கிற, இளைப்பாறின விலங்கியல் மாஸ்டரிடம் கேட்டபோதுதான் விளங்கிற்று. கோழிமுட்டையை உடைத்தால் மஞ்சட்கருவின் இரண்டு பக்கமும் முறுக்கின வெள்ளை நூல் மாதிரி ஒன்று தெரியுமே, உருளும்போது மஞ்சட்கருவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பல்லி முட்டையில் அந்த நூல் இல்லை. இட்டுக் கொஞ்ச நேரத்தில் கரு மேற்பக்கமாக ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு புரட்டினால் கரு கீழே போய் அமுங்கிவிடுமாம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஐப்பசியில் இதை என் கண்ணாலேயே கண்டும் எனக்கு உறைக்கவில்லை. முதல் மழையில் செம்மண் ஊறியிருந்தது. முருங்கைக்குக் கீழே ஒரு ஓணான் கிண்டி, முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டித் தட்டி இறுக்கியது. போனது போனதுதான், திரும்பி வந்து தொடவேயில்லை. கோழி கிண்டாமல் சுற்றிவரப் பனைமட்டை நட்டுவிட்டேன். மார்கழியில் ஒரு காலை, சுட்டுவிரல் அளவில் குஞ்சுகள் மட்டையில் ஏறி வெயில் காய்ந்தன.

சரி, இப்போது உன் லெப்பட் கெக்கோ திரும்பவும் இரண்டு முட்டை இட்டிருக்கிறது. இந்த முறை எடுக்கும்போதே மேற்பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளி கடைசி வரைக்கும் மேலேயே இருக்கட்டும். வெர்மிகுலைட்டை, அதுதான் அந்த ஈரம் பிடித்து வைக்கிற கனிமத் துகளை, தண்ணீரில் பிசைந்து, இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு விழுகிற அளவு ஈரத்தில் வைத்து, முட்டையைப் பாதி புதைத்துவிடு. முட்டை குழி விழுந்தால் ஓரமாக வெர்மிகுலைட்டில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடு, முட்டையில் படக்கூடாது. பொரிக்கிற நாள் கிட்டினாலும் குழி விழும், அப்போது பயப்படாதே.

இங்கே என்றால் அலுமாரிக்கு மேலே வைத்தாலே போதும். உன் குளிர் ஊரில் சூட்டுப்பெட்டி இல்லாமல் முடியாது. 26 பாகை செல்சியசில் வைத்தால் அநேகமாக எல்லாம் பெண், 32, 33க்குக் கிட்ட அநேகமாக ஆண். சூட்டைப் பொறுத்துத்தான் ஆணும் பெண்ணும் என்று நீ முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை, மாஸ்டரும் அதையேதான் சொன்னார். ஆணோ பெண்ணோ, நீ பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துச் சூட்டை ஏற்றி இறக்காதே. 26இல் இரண்டு மாதம் போலப் பொறுக்க வேண்டும். பொறு.

இட்டவளை மறந்துவிடாதே. உன்னைப் பெற்றபோது அம்மம்மா எனக்கு முப்பத்தொரு நாளும் சரக்கு அரைத்த கறிதான் தந்தா. இவளுக்குக் கல்சியம் தூளை ஒரு சின்ன மூடியில் எப்போதும் வைத்திரு, பூச்சியிலும் தூவிக் கொடு. வாலைப் பார்த்துக்கொள். கொழுப்பெல்லாம் அதில்தான், வால் மெலிந்தால் அவள் மெலிகிறாள் என்று அர்த்தம். இரண்டு தரம் இட்டவள், பாவம்.

குஞ்சு கோதைக் கீறினால் நீ இழுத்து எடுக்காதே, தானாக வரட்டும். இங்கே நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை, எனக்கு வீடியோவில் எடு. கண்ணாடியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா