சிசேரியன் சுலப வழி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிசேரியன் பிரசவங்கள் பெருகுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசவ வார்டில் பல வருடங்கள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். வலி தாங்க மனமில்லாத பெண்கள்தான் இதைக் கேட்டுச் செய்துகொள்கிறார்கள் என்பது போல அதில் எழுதியிருந்தது மிகவும் வருத்தமாக இருந்தது.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்தபடியே இருப்பாள். தோல், கொழுப்பு, தசையின் மேலுறை, வயிற்றின் உள்சவ்வு, கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். குழந்தை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். எல்லாவற்றையும் தைத்து மூடத்தான் அதிக நேரம். கால்களில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக அவளைச் சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வோம். இருமினால் வலிக்கும், சிரித்தாலும் வலிக்கும். அந்த வயிற்றோடுதான் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கிறாள். வேறு எந்தப் பெரிய ஆபரேஷன் ஆனவரையும் நாம் இப்படி எடைபோட்டுப் பேசுவதில்லையே!

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால், வலி கண்ட பிறகும் குழந்தை குறுக்கே கிடந்தால், பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி முன்னால் சரிந்துவிட்டால் யாருடைய விருப்பத்துக்கும் அங்கே இடமில்லை. தாமதித்தால் உயிர் போகும்.

அதற்காகத் தேவையில்லாமல் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்புக்குள் நஞ்சுக்கொடி ஊடுருவி வளர்ந்து, பிரசவத்தில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்படலாம். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து கூடும். ஒரு சமூகத்தில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதைக் கட்டுரை எடுத்துக்காட்டியது. சரிதான். ஆனால் குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவதைவிட, தேவைப்படும் பெண்ணுக்கு அது கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால், சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு அது கைகூடுகிறது. பழைய தழும்பு பிரியும் அபாயம் சுமார் 200இல் ஒருவருக்கு உண்டு. அதனால் அவசர ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. வீடு திரும்பும்போதே ஏன் சிசேரியன் செய்தார்கள், கர்ப்பப்பையில் வெட்டு எந்த வாக்கில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். இதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகான கவனிப்பு பற்றியும் அடுத்த கர்ப்பம் பற்றியும் ஒரு மகப்பேறு மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுதச் சொல்லி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்