காசோலையில் யார் பெயர் என்று பார்த்தா ஓட்டுப் போடுகிறீர்கள்?

அமெரிக்க காங்கிரஸின் இரண்டு கட்சிக்காரர்களுக்கும்,

வணக்கம். 2020 மார்ச்சில் நீங்கள் செய்ததை முதலில் பாராட்டிவிடுகிறேன். கோவிட் நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம், சுமார் 2.2 லட்சம் கோடி டாலர், செனட்டில் 96-0. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. தலைக்கு 1,200 டாலர் வந்தது, தபாலில் போன காசோலைகளில் டிரம்ப் பெயரையும் அச்சடித்து அனுப்பினார்கள்.

அப்புறம் ஒரே வருடம்தான். 2021 மார்ச் 6, கிட்டத்தட்ட அதே சரக்கு, 1.9 லட்சம் கோடி, தலைக்கு 1,400, ஆனால் வெள்ளை மாளிகையில் டிரம்ப் போய் பைடன் வந்துவிட்டார். செனட்டில் 50-49. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. போதாததற்கு விஸ்கான்சின் செனட்டர் ரான் ஜான்சன் 628 பக்க மசோதாவை முழுக்க உரக்கப் படிக்க வைத்தார், கிட்டத்தட்ட பத்தே முக்கால் மணி நேரம். படித்த எழுத்தர்கள் பாவம்.

குடியரசுக் கட்சிக்காரர்களே, டிசம்பரில்தானே 90,000 கோடி டாலர் கொடுத்தோம், இன்னும் கொட்டினால் விலைவாசி ஏறாதா என்றீர்கள். தப்பான வாதம் இல்லை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது (பழி முழுவதும் அந்தப் பணத்தின் மேல் இல்லை என்றாலும்). சரி, அப்படியானால் 2009? மாதம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்துகொண்டிருந்த நேரத்தில் ஒபாமாவின் 78,700 கோடி டாலர் பொருளாதார மீட்பு மசோதாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் உங்களிடமிருந்து ஒரு ஓட்டுகூட வரவில்லை. செனட்டில் காலின்ஸ், ஸ்னோ, ஸ்பெக்டர் என்று மூன்றே பேர். மசோதா தாண்ட அங்கே 60 ஓட்டு வேண்டும்; அந்த அறுபதாவது ஓட்டுக்காக ஒஹாயோவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெராட் பிரவுன், இறந்துபோன தாயாருக்கு அஞ்சலி நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து விமானம் ஏறி வர வேண்டியிருந்தது.

இதிலும் மிசிசிப்பி செனட்டர் ரோஜர் விக்கர் ஒரு தனி ரகம். 2021 மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, அதில் உணவகங்களுக்கு 2,860 கோடி டாலர் கிடைத்ததை ட்விட்டரில் கொண்டாடினார்! அந்த உதவிக்கு முன்பு அவரும் பாடுபட்டவர்தான், இல்லை என்கவில்லை.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அதே 2021இல் பத்து குடியரசுக் கட்சி செனட்டர்கள் 61,800 கோடி டாலருக்கு ஒரு திட்டத்தோடு வந்து பைடனிடம் இரண்டு மணி நேரம் பேசினார்கள். மொத்தத் தொகை அசைந்ததா? பட்ஜெட்டுக்கான தனி நடைமுறை வழியாகக் கொண்டுபோனால் செனட்டில் 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பியது போலத்தான் இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். பொருளாதார நிபுணர் கிளாடியா சாம் 2019இலேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி, அதற்கு முந்தைய 12 மாதங்களின் மிகக் குறைந்த அளவைவிட அரை சதவீதப் புள்ளி ஏறினால் மக்களுக்குப் பணம் தானாகப் போக வேண்டும். அடுத்த மந்தத்தின்போது அதிபர் யார் என்று தெரியாத இப்போதே அதை எழுதி நிறைவேற்றுங்கள். காசோலையில் பெயர் போட இடம் விடாதீர்கள்.

இப்படிக்கு,
1,200ம் வாங்கி 1,400ம் வாங்கிய ஒரு வாக்காளன்